வீட்ல ரெக்கார்டிங் பண்ண மேக்கா, விண்டோஸா, லினக்ஸா? கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

புதுசா வீட்ல பாட்டோ பேச்சோ ரெக்கார்ட் பண்ணணும்னு ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குற கேள்வியே "மேக் வாங்கணுமா, விண்டோஸ் போதுமா"ன்னு தான். இதுக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்க, அதையும் சண்டைக்கு வர்ற மாதிரி தான் சொல்வாங்க. என்னைக் கேட்டா கம்ப்யூட்டரை கடைசியா முடிவு பண்ணுங்க. என்ன ரெக்கார்ட் பண்ணப் போறீங்க, எந்த சாஃப்ட்வேர்ல பண்ணப் போறீங்க, எந்த ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டி) மாட்டப் போறீங்க, இது மூணும் தெரிஞ்சிட்டா எந்த கம்ப்யூட்டர்ங்கிறது முக்கால்வாசி தானாவே முடிவாயிடும். தலைகீழா போய் முதல்ல கம்ப்யூட்டரை வாங்கிட்டு அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி மத்ததைத் தேடுறவங்க தான் ரெண்டு தடவை செலவு பண்றாங்க.

இன்னொரு விஷயத்தையும் இப்பவே சொல்லிடறேன். மேக்ல ரெக்கார்ட் பண்ணா சவுண்டு நல்லா இருக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்க குரலை நம்பரா மாத்துறது இன்டர்ஃபேஸ் உள்ள இருக்கிற கன்வர்ட்டர். அதுக்கப்புறம் கம்ப்யூட்டருக்கு வர்றது வெறும் நம்பர் தான், 24 பிட் வேவ் ஃபைல் எந்த ஓஎஸ்ல (ஆபரேட்டிங் சிஸ்டம்) இருந்தாலும் அதே ஃபைல் தான். அந்த நம்பர்கள் நடுவுல அறுந்து போகாம எவ்ளோ சீக்கிரம் வந்து போகுதுங்கிறதுல தான் கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் வித்தியாசம்.

படி 1: என்ன ரெக்கார்ட் பண்ணப் போறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

சும்மா மனசுல நினைச்சுக்கிறது பத்தாது, எழுதுங்க. பேச்சு மட்டும் தானா? அப்போ இந்தக் கட்டுரையில பாதியை நீங்க படிக்கவே வேணாம், இப்ப கையில இருக்கிற லேப்டாப்பே போதும். ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரே நேரத்துல ரெண்டு மைக் அவ்ளோதான்னாலும் பெரிய மெஷின் தேவையில்ல. ட்ரம்ஸ் மாதிரி எட்டு மைக் ஒரே நேரத்துல ஓடணும்னா இன்டர்ஃபேஸ் பெருசாகும், டிஸ்க்ல இடமும் நிறைய வேணும். 48 கிலோ ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 48,000 சாம்பிள், அதாவது சத்தத்தை அத்தனை தடவை அளக்கிறது), 24 பிட்ல ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 8.6 எம்பி எடுக்கும், எட்டு ட்ராக்னா ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்கு மேல போயிடும். ஒரு பாட்டுக்கு பத்து டேக் எடுக்கிறவங்க இதைக் கணக்கு போட்டுப் பாத்துக்கோங்க.

ஆனா உண்மையிலேயே கம்ப்யூட்டரைத் திணற வைக்கிறது மைக் எண்ணிக்கை இல்ல. வயலின் செக்ஷன், பியானோ, ட்ரம்ஸ் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குள்ளயே கீபோர்டு வெச்சு வாசிக்கிற வர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் தான். நிஜ வாத்தியத்தோட ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியா பதிவு பண்ணி வெச்ச பெரிய பெரிய லைப்ரரி அது, ரேமைத் தின்னும், டிஸ்க்கைத் தின்னும், ப்ராசஸரையும் விடாது. நீங்க அந்த வகையா இல்லையான்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க, பின்னாடி ரேம் எவ்ளோ வேணும்ங்கிற இடத்துல இது தான் உதவும்.

படி 2: சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுங்க

இங்க தான் நிஜமாவே ஓஎஸ் முடிவாகுது. ஆப்பிளோட ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான லாஜிக் ப்ரோ வேணும்னா மேக் தான், வேற வழி கிடையாது. ஒரு காலத்துல லாஜிக் விண்டோஸ்லயும் இருந்துச்சு, 2002ல ஆப்பிள் அதைப் பண்ணிட்டிருந்த கம்பெனியை வாங்கினதும் விண்டோஸ் பக்கத்தை நிறுத்திட்டாங்க. கராஜ்பேண்டும் ஆப்பிள் பக்கம் மட்டும் தான், ஆனா அது இலவசம், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரொம்பவே போதுமானது, கராஜ்பேண்ட்ல பண்ண ப்ராஜெக்ட்டை அப்படியே லாஜிக்ல திறக்கவும் முடியும். ப்ரோ டூல்ஸ், க்யூபேஸ், ஏபிள்டன் லைவ் இதெல்லாம் மேக், விண்டோஸ் ரெண்டுலயும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோ ரொம்ப வருஷம் விண்டோஸ் மட்டும் தான்னு இருந்துச்சு, 2018ல தான் மேக்குக்கும் முறையா வந்துச்சு. ரீப்பர், பிட்விக் ரெண்டும் மேக், விண்டோஸ், லினக்ஸ்னு மூணுலயும் ஓடும். ஆர்டர் (Ardour)ங்கிற சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், லினக்ஸ்காரங்க அதிகமா பயன்படுத்துறது.

எதை எடுக்கிறதுன்னே தெரியலைன்னா ரீப்பரை இறக்கி 60 நாள் ட்ரை பண்ணுங்க, எந்த வசதியையும் பூட்டி வைக்காம முழுசா குடுப்பாங்க, சைஸும் சின்னது, பழைய மெஷின்லயும் ஓடும். பாக்க கொஞ்சம் வறண்டு போன மாதிரி இருக்கும், அதெல்லாம் பழகிடும்.

ப்ளக்இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள சேர்த்துக்கிற எஃபெக்ட், வாத்தியம் மாதிரி குட்டி சாஃப்ட்வேர்) விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும். விஎஸ்டிங்கிற ஃபார்மேட் எல்லா ஓஎஸ்லயும் இருக்கு, ஏயூங்கிறது ஆப்பிள்ல மட்டும், ஏஏஎக்ஸ்ங்கிறது ப்ரோ டூல்ஸுக்கு. லாஜிக் ஏயூவை மட்டும் தான் எடுத்துக்கும், விஎஸ்டி மட்டும் இருக்கிற ப்ளக்இன் உங்களுக்கு உயிர்னா லாஜிக் பக்கம் போறதுக்கு முன்னாடி யோசிங்க. ஏற்கனவே காசு குடுத்து வாங்கின ப்ளக்இன் இருந்தா ஒவ்வொண்ணோட தயாரிப்பாளர் பக்கத்துக்கும் போய் எந்த ஓஎஸ், எந்த வெர்ஷன் வரைக்கும் சப்போர்ட்னு பாத்து எழுதி வெச்சுக்கோங்க. போரடிக்கிற வேலை தான்.

அப்புறம் இந்தப் படியிலேயே ஒரு கேள்வி, நீங்க யாரோட சேர்ந்து வேலை பண்ணப் போறீங்க? உங்க நண்பர் ஒருத்தர் க்யூபேஸ்ல ஏழு வருஷமா இருக்கார், சந்தேகம்னா ராத்திரி பத்து மணிக்கும் எடுத்து சொல்லிக்குடுப்பார்னா நீங்களும் கண்ணை மூடிட்டு க்யூபேஸ் போங்க. எந்த ஸ்பெக் ஷீட்டை விடவும் இது பெரிய காரணம். வேற வேற சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களோட வேலை பண்றதும் கஷ்டமில்ல, எல்லா ட்ராக்கையும் பாட்டோட ஆரம்பத்துல இருந்தே தொடங்குற மாதிரி தனித்தனி வேவ் ஃபைலா எடுத்து அனுப்பினா போதும், டெம்போவையும் சாம்பிள் ரேட்டையும் ஃபைல் பேர்லயே போட்டுடுங்க.

படி 3: இன்டர்ஃபேஸும் அதோட ட்ரைவரும்

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா படிங்க. ட்ரைவர்ங்கிறது இன்டர்ஃபேஸையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர். பாடும்போது உங்க குரல் மைக்ல நுழைஞ்சு, இன்டர்ஃபேஸ் வழியா கம்ப்யூட்டருக்குப் போய், சாஃப்ட்வேரைத் தாண்டி, திரும்ப ஹெட்ஃபோனுக்கு வந்து சேர கொஞ்ச நேரம் ஆகும். அது தான் லேட்டன்சி. கம்ப்யூட்டர் ஆடியோவைத் துளித்துளியா கையாளாது, ஒரு வாளி நிரம்பினதும் எடுத்து ஊத்துற மாதிரி தான் வேலை பண்ணும், அந்த வாளி சைஸ் தான் பஃபர். 48 கிலோ ஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள் பஃபர்னா ஒரு வாளிக்கு 2.7 மில்லி செகண்ட், 256னா 5.3, 1024னா 21 மில்லி செகண்ட். உள்ள போக ஒரு தடவை, வெளிய வர ஒரு தடவை, அதோட கன்வர்ட்டர் எடுத்துக்கிற நேரம், ட்ரைவர் பாதுகாப்புக்குன்னு வெச்சுக்கிற நேரம் எல்லாம் சேரும். காத்துல சத்தம் ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் ஆகும், அதனால மொத்தம் 10 மில்லி செகண்ட்னா மூணு மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கர்ல கேக்குற மாதிரி, பெரும்பாலானவங்க சமாளிச்சுடுவாங்க. 20, 30 ஆயிடுச்சுன்னா பாடுறவங்களுக்கு தாளம் வழுக்கும். கீபோர்டு வாசிக்கிறவங்க அதுக்கும் முன்னாடியே கத்த ஆரம்பிச்சுடுவாங்க.

பஃபரைச் சின்னதா வெச்சா லேட்டன்சி குறையும், ஆனா கம்ப்யூட்டர் அதுக்குள்ள வேலையை முடிக்கலைன்னா ஹெட்ஃபோன்ல பட் பட்னு சத்தம் வெடிக்கும், சில சமயம் டேக்கே அறுந்து போகும். எவ்ளோ சின்ன பஃபர்ல வெடிக்காம ஓடுதுங்கிறது ப்ராசஸர் வேகத்தை விட ட்ரைவரை நம்பித் தான் இருக்கு. நல்ல ட்ரைவர் இருக்கிற இன்டர்ஃபேஸ் சுமாரான லேப்டாப்ல கூட ஒழுங்கா ஓடும். மோசமான ட்ரைவர்னா எவ்ளோ பெரிய மெஷினா இருந்தாலும் வெடிக்கும்.

மேக்ல இதுக்குன்னு கோர் ஆடியோன்னு ஓஎஸ்லயே ஒரு அமைப்பு இருக்கு, க்ளாஸ் கம்ப்ளையன்ட்னு சொல்ற யூஎஸ்பி இன்டர்ஃபேஸை மாட்டினா ட்ரைவர் போடாமலே வேலை பண்ணும், ரெண்டு இன்டர்ஃபேஸை ஒண்ணா சேர்த்து ஒரே டிவைஸ் மாதிரி காட்டுறதும் அதுலயே இருக்கு. விண்டோஸ்ல வேற கதை, அங்க ரெக்கார்டிங்னாலே ஏஎஸ்ஐஓ ட்ரைவர் தான். அது மைக்ரோசாஃப்ட் பண்ணது இல்ல, க்யூபேஸ் பண்ற ஸ்டைன்பெர்க் 1990கள்ல கொண்டு வந்தது. இன்டர்ஃபேஸ் தயாரிக்கிறவங்க தான் அவங்கவங்க ஏஎஸ்ஐஓ ட்ரைவரை எழுதித் தரணும், அதனால விண்டோஸ்ல போறவங்க இன்டர்ஃபேஸ் கம்பெனியோட டவுன்லோட் பக்கத்தைப் பாருங்க, கடைசி ட்ரைவர் எப்ப வந்துச்சுன்னு. நாலஞ்சு வருஷமா அப்டேட்டே இல்லைன்னா அந்தப் பொருளை விட்டுடுங்க. சொந்த ட்ரைவர் இல்லாததுக்கு ஏஎஸ்ஐஓ ஃபோர் ஆல்ங்கிற பொது ட்ரைவரைப் போட்டு சமாளிக்கலாம், ஆனா அது ஒட்டு வேலை தான், அதை நம்பி புதுசா எதையும் வாங்காதீங்க. பொதுவா விண்டோஸ்ல சாஃப்ட்வேர் ஒரே நேரத்துல ஒரே ஒரு ஏஎஸ்ஐஓ ட்ரைவரைத் தான் எடுத்துக்கும், அதனால ரெண்டு யூஎஸ்பி மைக் வாங்கி ரெண்டு பேர் பேசலாம்னு கணக்கு போடாதீங்க. ரெண்டு இன்புட் இருக்கிற ஒரு இன்டர்ஃபேஸ் வாங்குங்க, அது தான் எல்லா ஓஎஸ்லயும் தலைவலி இல்லாத வழி.

லேட்டன்சி பத்தி இவ்ளோ பயமுறுத்திட்டு இதைச் சொல்லாம விட்டா தப்பு. நிறைய இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டனோ திருகோ இருக்கும், அதைப் போட்டா உங்க குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே நேரா ஹெட்ஃபோனுக்கு வந்துடும். வெறும் குரலும் கிட்டாரும் ரெக்கார்ட் பண்றவங்களுக்கு இது ஒண்ணே போதும், பஃபரை 512ல வெச்சுட்டு நிம்மதியா பாடலாம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் ரெக்கார்டிங் பக்கம் வரவே கூடாது, அதுல தாமதம் 100 மில்லி செகண்டைத் தாண்டுறது சாதாரணம், வயர் இருக்கிறது தான்.

படி 4: இப்ப ஓஎஸ்

மேக். 2020 கடைசியில ஆப்பிள் சொந்த சிப் போட்டு எம்1 கொண்டு வந்ததுல இருந்து ரெக்கார்டிங் பண்றவங்களுக்கு ஒரு பெரிய வசதி, வேலை செய்யும்போது பெரும்பாலும் சத்தமே வராது, சில மாடல்ல ஃபேனே கிடையாது. கம்ப்யூட்டர் இருக்கிற ரூம்லயே மைக்கையும் வைக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது பெரிய விஷயம். குறைன்னு பார்த்தா வாங்கும்போது என்ன ரேம் எடுக்கிறீங்களோ அது தான் கடைசி வரைக்கும், பின்னாடி ஏத்த முடியாது. அப்புறம் ஆப்பிள் பழசைத் தூக்கிப் போட யோசிக்கவே யோசிக்காது, 2019ல வந்த கேட்டலினாங்கிற மேக் ஓஎஸ்ல பழைய 32 பிட் அப்ளிகேஷன் எல்லாத்தையும் ஒரே அடியா நிறுத்தினாங்க, எத்தனையோ பேரோட ப்ளக்இன் ஒரே அப்டேட்ல செத்துச்சு. விலை குறைவா வருதேன்னு இன்டெல் சிப் இருக்கிற பழைய மேக்கை இப்ப வாங்காதீங்க, 2025ல வந்த டஹோ தான் இன்டெல்லுக்குக் கடைசி ஓஎஸ்னு ஆப்பிளே சொல்லிட்டாங்க.

விண்டோஸ். ஒரே காசுக்கு அதிக ரேம், அதிக டிஸ்க், கெட்டுப் போனா மாத்திக்கலாம், எந்த மாதிரி மெஷினும் கிடைக்கும். அந்த எந்த மாதிரியும் கிடைக்கும்ங்கிறதே தான் பிரச்சனையும். ஒரே விலையில ரெண்டு லேப்டாப், ஒண்ணு வெண்ணெய் மாதிரி ஓடும், இன்னொண்ணு வைஃபை ட்ரைவர் எதையோ பண்றதால நிமிஷத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்க லேட்டன்சிமான்னு ஒரு இலவச டூல் இருக்கு, பத்து நிமிஷம் ஓட விட்டா எந்த ட்ரைவர் தகராறு பண்ணுதுன்னு காட்டும். வாங்குற இடத்துல ஓட்டிப் பாக்க விட்டா விடாதீங்க, விடலைன்னா திருப்பிக் குடுக்கிற வசதி இருக்கிற இடமா பாத்து வாங்குங்க. ஸ்னாப்ட்ராகன் மாதிரி ஏஆர்எம் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப் வந்தா உஷார், இன்டெல் மாதிரி சிப்புக்கு எழுதின சாதாரண சாஃப்ட்வேரை அது மொழிபெயர்த்து (எமுலேட் பண்ணி) ஓட்டிடும், ட்ரைவரை அப்படி ஓட்ட முடியாது, உங்க இன்டர்ஃபேஸுக்கு ஏஆர்எம்முக்குன்னே எழுதின ட்ரைவர் இருந்தா தான் உண்டு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, புதுசா ஆரம்பிக்கிறவங்க 11ஏ போயிடுங்க.

லினக்ஸ். எனக்குப் பிடிச்சது, ஆனா எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். முன்ன ஆடியோவைக் கையாள ஜாக்னு ஒண்ணை செட் பண்றதுக்கே ஒரு நாள் போகும், இப்ப அந்த வேலைக்கு பைப்வயர் வந்ததுக்கப்புறம் நிறைய சுலபமாயிடுச்சு, ஆடியோ வேலையை நேரத்துக்கு முடிக்க வைக்கிற ரியல் டைம் வசதியும் 2024ல வந்த 6.12 கர்னல்லயே (லினக்ஸோட மையப் பகுதி) சேர்ந்துடுச்சு. உபுன்டு ஸ்டுடியோ போட்டா ஆர்டர்ல இருந்து எல்லாம் முன்னாடியே இருக்கும். ஆனா ஐலாக் பாதுகாப்பு (காசு குடுத்து வாங்கினதான்னு சோதிக்கிற பூட்டு) இருக்கிற ப்ளக்இன் எதுவும் இங்க முறையா ஓடாது, விண்டோஸ் ப்ளக்இனை வைன்ங்கிற சாஃப்ட்வேர் வழியா ஓட்டுற வித்தை எல்லாம் இருக்கு, அது உங்களுக்கு பொழுதுபோக்கா இருந்தா பண்ணுங்க. இன்டர்ஃபேஸ் க்ளாஸ் கம்ப்ளையன்ட்டா இருக்கணும், அதோட எல்லா கன்ட்ரோலும் பெட்டி மேலயே திருகா இருக்கணும், ஏன்னா கன்ட்ரோல் சாஃப்ட்வேரை பெரும்பாலும் லினக்ஸுக்குக் குடுக்க மாட்டாங்க. பழைய லேப்டாப்புக்கு உயிர் குடுக்க மட்டும் இதைவிட நல்ல வழி இல்ல.

ஐபேட்லயும் நல்லா பண்ணலாம், கராஜ்பேண்ட் இருக்கு, க்யூபேசிஸ் இருக்கு, 2023ல இருந்து லாஜிக்கும் இருக்கு. ஆண்ட்ராய்ட்ல லேட்டன்சி ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு மாதிரி, ஐடியாவை டக்குனு பதிஞ்சு வைக்க மட்டும் வெச்சுக்கோங்க.

படி 5: ஸ்பெக்

ரேம் 16 ஜிபி எடுங்க, படி 1ல பெரிய லைப்ரரி பக்கம்னு எழுதியிருந்தா 32ல இருந்து யோசிங்க, பேச்சு மட்டும்னா 8லயே ஓடும். டிஸ்க் எஸ்எஸ்டியா தான் இருக்கணும், சுத்துற ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வெச்சுக்கலாம். மேக், விண்டோஸ் ரெண்டுலயும் மாத்தி மாத்தி மாட்டப் போற எக்ஸ்டர்னல் டிஸ்க்னா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க, விண்டோஸோட என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனா தானா எழுதாது. கேமிங்குக்கு விக்கிற பெரிய கிராஃபிக்ஸ் கார்டு நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஃபேன் சத்தம் தான் மிச்சம். யூஎஸ்பி போர்ட் எத்தனைன்னு எண்ணுங்க, இன்டர்ஃபேஸ், கீபோர்டு, டிஸ்க், ஐலாக் யூஎஸ்பி சாவின்னு வரிசையா வரும். இன்டர்ஃபேஸை மட்டும் ஹப்ல போடாம நேரா கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. செகண்ட் ஹேண்ட்ல ஃபயர்வயர் (யூஎஸ்பி மாதிரி ஒரு பழைய இணைப்பு) இன்டர்ஃபேஸ் மலிவா வந்தா ஆசைப்படாதீங்க, மேக்ல டஹோவோட அந்த சப்போர்ட்டையே எடுத்துட்டாங்க.

படி 6: வாங்கினதும் டெஸ்ட் பண்ணுங்க

திருப்பிக் குடுக்கிற நாள் முடியுறதுக்குள்ள பண்ணணும், ஒரு மாசம் கழிச்சு இல்ல. 48 கிலோ ஹெர்ட்ஸ்ல ஒரு ப்ராஜெக்ட், பஃபர் 128, உங்க இன்டர்ஃபேஸ்ல எத்தனை இன்புட் இருக்கோ அத்தனை ட்ராக்கையும் ரெக்கார்டுல போட்டு அரை மணி நேரம் விடாம ஓட விடுங்க, நீங்க வழக்கமா போடுற ப்ளக்இன்ல நாலஞ்சு கூடவே ஓடட்டும். லேப்டாப்னா ஒரு தடவை சார்ஜர் மாட்டி, ஒரு தடவை கழட்டி. சார்ஜர் மாட்டினா மட்டும் ஒரு ஊய்னு சத்தம் ஹெட்ஃபோன்ல வந்தா அது பவர்ல இருந்து வர்ற க்ரவுண்ட் (எர்த்) சிக்கல், ஓஎஸ் மேல பழி போடாதீங்க. ஸ்பீக்கர்ல அந்த சத்தம் வந்தா பேலன்ஸ்ட் கேபிள் (வெளி இரைச்சலை அடக்குற மாதிரி பண்ண கேபிள்) போட்டுப் பாருங்க, பெரும்பாலும் அடங்கிடும்.

வெடிச்சா வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணைச்சுப் பாருங்க, விண்டோஸ்ல பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க, அப்புறமும் வெடிச்சா பஃபரை 256க்கு ஏத்துங்க. 256லயும் ஒழுங்கா ஓடலைன்னா, ட்ரைவரையும் புதுசாக்கிப் பாத்தாச்சுன்னா, அந்த மெஷினைத் திருப்பிக் குடுத்துடுங்க, அதோட மல்லுக்கட்டாதீங்க.

நிஜ லேட்டன்சி எவ்ளோன்னு தெரியணும்னா சாஃப்ட்வேர் காட்டுற நம்பரை நம்ப வேணாம். இன்டர்ஃபேஸோட அவுட்புட்ல இருந்து அதோட லைன் இன்புட்டுக்கே ஒரு கேபிள் போடுங்க, இன்புட் மானிட்டரிங்கை அணைச்சுடுங்க, இல்லைன்னா சத்தம் சுத்திச் சுத்தி ஊளையிடும். ஒரு ட்ராக்ல டிக்னு ஒரு சத்தத்தை ப்ளே பண்ணி இன்னொரு ட்ராக்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பெரும்பாலான சாஃப்ட்வேர் ட்ரைவர் சொல்ற தாமதத்தைக் கழிச்சுட்டுத் தான் டேக்கை வைக்கும், அதனால ரெண்டு டிக்கும் ஒரே கோட்டுல நின்னா ட்ரைவர் உண்மை பேசுதுன்னு அர்த்தம். தள்ளி இருந்தா அந்த வித்தியாசத்தை ஜூம் பண்ணி சாம்பிள் கணக்குல எண்ணி, செட்டிங்ஸ்ல ரெக்கார்டிங் ஆஃப்செட்னு இருக்கிற இடத்துல போட்டுடுங்க, அப்புறம் நீங்க எடுக்கிற எல்லா டேக்கும் தாளத்துல சரியா உக்காரும்.

எல்லாம் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சதும் ஆட்டோமேட்டிக் அப்டேட்டைத் தள்ளிப் போடுங்க. செக்யூரிட்டி அப்டேட் போடலாம், ஆனா பெரிய ஓஎஸ் வெர்ஷன் வந்த அன்னைக்கே ஏறிடாதீங்க, இன்டர்ஃபேஸ் கம்பெனியும் ப்ளக்இன் கம்பெனிகளும் சப்போர்ட் பண்றோம்னு அவங்க பக்கத்துல போட்டதுக்கப்புறம், பாதியில நிக்கிற பாட்டு எதுவும் இல்லாத ஒரு நாளா பாத்து, முழு டிஸ்க்கையும் பேக்கப் எடுத்துட்டு ஏறுங்க.